மெய்க்கு அரை மாத்திரை

பாயான் பாரு,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

அன்பு மகள் ஜோவானுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அம்மா சுகம், நீ பால்கனியில் வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி அம்மாவைவிடச் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை தன் பாட்டுக்குப் போகிறது, பிடித்து நிறுத்தியிருக்கிறேன், காரணம் போகப்போகத் தெரியும். அங்கே அயர்லாந்தில் குளிர் எப்படி, நீயும் மாப்பிள்ளை ஜோனத்தனும் காலையில் பசியாறிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறீர்களா, முதியோர் இல்லத்தில் நீ தூக்கி உட்கார வைக்கும் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் ரொம்பக் கனமா. தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இடுப்பை மடக்காதே, இடுப்பை மடக்கியவன் சொல்கிறேன். போன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன பேனா என்று நீ நினைப்பாய், அம்மாவும் அதையேதான் கேட்டாள். இதை அவள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்சப்பில் அனுப்புவாள், எழுத்து தெரிகிற மாதிரி கிட்ட வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், தாள் பின்னால் தபாலில் வரும். உன்னோடு வேலை செய்கிற பட்டர்வொர்த் பையன் தனேஷ் வருகிற வாரம் லீவில் ஊருக்குக் கிளம்புகிறான் அல்லவா, அவன் பெட்டியைப் பூட்டுவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். எனக்காக நீ வாங்கி வைத்திருக்கும் மாத்திரை டப்பாக்கள் அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது. சாக்லேட் இருக்கலாம்.

முதலில் என் நாக்கைப் பற்றிச் சொல்கிறேன், சிரிக்காதே. என் நாக்குக்கு ழ வராது. நிபோங் திபால் தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் நாக்கை மடக்கடா மடக்கடா என்று செய்து காட்டிக் காட்டி அவர் நாக்குதான் சுளுக்கிக்கொண்டது, எனக்கு ல மட்டுமே வந்தது, அதையே வைத்துக் காலம் தள்ளிவிட்டேன். இங்கே பாசாரில் பழம் விற்கிற சீன ஆன்ட்டி என்னைக் கண்டதும் வாலைப்பலம் வாலைப்பலம் என்று கூப்பிடுகிறாள், அதுதான் சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டு. நீ பள்ளியில் சின்ன வகுப்புப் படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா, அப்பாவுக்கு எப்படி அடிபட்டது என்று நீ கேட்க, மழையில் விழுந்தேன் என்று நான் சொல்ல, என் வாயில் அது மலையாகி, நீ போய் எங்கப்பா மலையிலிருந்து விழுந்தவர் என்று டீச்சரிடம் சொல்லி, அந்த டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் என்னை ஏதோ இமயமலையில் இருந்து இறக்கிக்கொண்டு வந்தவனைப்போலப் பார்த்தார். நானும் திருத்தவில்லை. சேற்றில் வழுக்கினேன் என்பதைவிட மலை கொஞ்சம் எடுப்பாக இருந்தது. போன மாதமும் அப்படி ஒன்று நடந்துவிட்டது, ஆனால் இந்த முறை திருத்தாமல் விட முடியாது. வாட்சப்பில் தட்டலாம் என்றால் நான் தட்டுவது இங்கிலீஷ் எழுத்தில், அதிலும் என் நாக்கின் ஸ்பெல்லிங்தான் வருகிறது, இரண்டு சொல்லும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் பேனா. தாளில் மட்டும் எனக்கு ழ வரும்.

அந்த மழையை இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கிளந்தானில் வெள்ளம், ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, எங்கள் பட்டாளத்துக்கு இரும்புப் பாலம் போடும் வேலை. ஒரு துண்டை ஆறு பேர் தூக்க வேண்டும். முன்னால் நின்றவனுக்குக் கால் சறுக்கியது, பாரம் முழுக்கப் பின்னால் நின்ற என் மேலும் என் கூட்டாளி ஹைக்கல் மேலும் இறங்கியது. தூக்கு என்றால் தூக்க வேண்டும், விடு என்று உத்தரவு வரும்வரை விடக் கூடாது, விட்டால் முன்னால் கிடந்தவன் கால் போயிருக்கும். நாங்கள் விடவில்லை. பாலம் நின்றது, எங்கள் இரண்டு இடுப்பும் அதற்குப் பிறகு நேராக நிற்கவில்லை. பட்டாளத்தை விட்டு வந்தபோது என்னோடு வந்தது இரண்டு, பென்ஷனும் வலியும். பென்ஷனாவது பொதுவிடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளி வரும்.

பள்ளியில் உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை. பட்டாளத்து டாக்டர் வலி மாத்திரையை எனக்குக் குறிலில்தான் ஆரம்பித்தார். வெளியே வந்தபின் நானே நெடிலுக்குப் போனேன், பிறகு இலக்கணமே போய்விட்டது, கைக்கு வந்தது வாய்க்குப் போனது. எத்தனை வருஷம் என்று நான் எழுதவில்லை, நீ வளர்ந்த வருஷம் அத்தனையும் என்று வைத்துக்கொள். கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டர் இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, உங்க கிட்னி மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான், இனி ஒன்னுகூடக் கூடாது என்று சொல்லி, எப்படி நிறுத்துவது என்று படிப்படியாக எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டார். ஹைக்கலுக்கு அதற்குள் இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு கட்டிப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், என்னா மச்சா, நீ லேட்டு லா, நான் சீட்டுப் பிடிச்சி வச்சேன் என்றான். அவன் என்னிடம் தமிழ் கற்றவன், ஆகவே அவனுக்கும் ழ கிடையாது.

மாத்திரையை நிறுத்தியவர்களை ரொஸ்னா என்கிற பிசியோ பெண்ணிடம் அனுப்புகிறார்கள். உன் வயசுதான் இருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டாள், வலியைப் போகச் சொல்ல என்னால முடியாது அங்கிள், உங்களைத்தான் போகச் சொல்ல முடியும், நடங்க என்று. எங்களை ஆஸ்பத்திரி நீச்சல் குளத்தில் இறக்கி நெஞ்சளவு தண்ணீரில் முன்னும் பின்னும் நடக்க வைத்தாள், பழைய பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் வரிசையாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு எருமைகள் மாதிரி நின்றோம், ஹைக்கல்தான் அதற்கு எருமை ரெஜிமென்ட் என்று பெயர் வைத்தான், அவன் மெஷினுக்குப் போகாத நாளில் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களுக்கு லெப்ட் ரைட் சொல்வான். ரொஸ்னா என்னைப் பற்றி விசாரித்தாள். கொஞ்சம் நல்லாயிருக்கிற நாளில் என்ன செய்வீங்க என்றாள். வீடு முழுக்கத் துடைப்பேன், கீழே நிறுத்தியிருக்கிற காடியைக் கழுவுவேன், பாசாருக்குப் போவேன் என்றேன். மறுநாள் என்றாள். படுத்துக் கிடப்பேன், அதற்கு மறுநாளும் கிடப்பேன் என்றேன். அவள் சொன்னாள், உங்களுக்குக் கோளாறு இடுப்புல மட்டும் இல்லே அங்கிள், ஆரம்பிச்சதை முடிக்காம உக்காரத் தெரியாது, அதுதான் பெரிய கோளாறு, வலி வந்து நிறுத்துன்னு சொல்றதுக்கு முந்தியே நீங்க நிறுத்துங்க, நல்லாயிருந்தாலும் பாதியிலே நிறுத்துங்க, அப்பதான் யாரு கோப்ரல்னு அதுக்குத் தெரியும் என்று. ஒரு பட்டாளத்துக்காரனுக்கு இதைவிடக் கேவலமான உத்தரவு கிடையாது. பாலத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கச் சொல்வதைப்போல.

ஆனால் வேறு வழியும் இல்லை, செய்தேன். மெய்க்கு அரை மாத்திரை என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது, இந்த மெய்க்கு எல்லாவற்றிலும் அரைதான். பாதி ஹால் துடைப்பேன், உட்காருவேன். பாதி முகம் ஷேவ் செய்வேன், உட்காருவேன், அன்றைக்கு வீடியோவில் பாதி மீசையோடு என்னைப் பார்த்து நீ சிரித்தாயே, அது வேடிக்கைக்குச் செய்தது இல்லை. அம்மாவுக்குக் கோபம், பாதி வூடு கோயிலு, பாதி வூடு பாசாரு, யாராச்சும் வந்தா நான் எந்தப் பாதியிலே உக்கார வைப்பேன் லா என்பாள். ஜெபமாலையையும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன், அப்ப மாதா அங்கயே ஒக்காந்து காத்துக்கிட்டு இருக்கணுமா என்று கேட்டாள். மாதாவுக்கும் இடுப்பு வலி இருந்திருக்கும், நிறைமாதத்தில் கழுதையில் அவ்வளவு தூரம் போனவர் என்றேன். அதற்குப் பிறகு அவளே என்னோடு எழுந்து நடந்துகொண்டு சொல்கிறாள். இதனால் வலி போய்விட்டது என்று நினைக்காதே. காலையில் நான் கண் திறப்பதற்கு முன்பே அது எழுந்து எனக்காகக் காத்திருக்கும். இடுப்பிலிருந்து இடது காலுக்கு யாரோ சூடான கம்பியைக் கோத்து மெல்ல இழுப்பதுபோல இருக்கும், காலுறை போடுவதற்கு அம்மா வேண்டும், தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் முன்பு வாரத்தில் மூன்று நாள் படுக்கை, இப்போது அப்படி இல்லை. அரை நாள் என்னுடையது, அரை நாள் அதனுடையது, இப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் நீ அங்கே தெரிந்த டாக்டரிடம் சொல்லி வாங்கிய மாத்திரை டப்பா பார்சலில் வந்தது. உன் மேல் ஒரு குறையும் இல்லை, வீடியோவில் நான் நாற்காலியிலிருந்து எழும்புவதைப் பார்த்து உனக்கு மனசு பொறுக்கவில்லை, டாக்டர் கூடாது என்று சொன்னதை நாங்கள் உனக்கு ஒழுங்காகச் சொல்லவும் இல்லை, கிட்னி என்று சொன்னால் நீ வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அம்மா பயந்தாள். அதை நான் திறக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. என் பழைய பூட்ஸுக்குள் போட்டு அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஒரு பொருளை எறியாமல் ஒளித்து வைக்கிறவன் அதை எதற்காக ஒளித்து வைக்கிறான் என்று நீயே யோசித்துக்கொள்.

பிறகு ஹைக்கல் போய்விட்டான். பாலிக் பூலாவ் பள்ளிவாசல் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள், மண் போடும்போது நானும் குனிந்து ஒரு பிடி போட்டேன், முழுதாகக் குனிந்தேன், பாதியில் நிறுத்தவில்லை. அவன் பெண்சாதி ருக்கையா என்னிடம் மலாயில் சொன்னாள், கடைசி நாளில் அவருக்கு வலி இல்லை, தூங்குகிற மாதிரியே போனார் என்று. வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன், என் வாயில் அது அவனுக்கு வழி இல்லை என்பதுபோலவும் கேட்டது, இரண்டும் உண்மைதான். அதற்குப் பிறகு நான் குளத்துக்குப் போகவில்லை. கரையில் அந்த நாற்காலி காலியாக இருக்கும், லெப்ட் ரைட் சொல்ல ஆள் இருக்காது. ரொஸ்னா கூப்பிட்டாள், காய்ச்சல் என்று சொன்னேன். அரை மாத்திரை முறை எல்லாம் நின்றது. படுத்தே கிடந்தேன், படுக்கப் படுக்க வலி ஏறியது, ஏற ஏறப் படுத்தேன். நானும் அந்த மெஷினுக்குப் போய், அவன் பிடித்து வைத்த சீட்டில் உட்கார்ந்து, அம்மா மூன்று நாளும் வெளியே பெஞ்சில் காத்திருந்து, இதெல்லாம் எதற்கு என்று தோன்ற ஆரம்பித்தது. இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் படம் எடுத்த அம்மாவைத் திட்டாதே.

அந்த வாரம்தான் ஒரு சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன், பூட்ஸை எடுத்துக் கால் பக்கத்தில் வைத்திருந்தேன், டப்பா மடியில் இருந்தது. எப்படிப்பா இருக்கீங்க என்று நீ கேட்டாய். வலி தெரியலம்மா என்றேன். நீ அழுதாய், சிரித்தாய், ஜோனத்தனைக் கூப்பிட்டு அப்பாவுக்கு வலி தெரியலையாம் என்றாய், நான் சொன்னேன்ல, அந்த மாத்திரை வேலை செய்யுதுப்பா, தனேஷ் வரும்போது இன்னும் குடுத்து விடறேன், நிறுத்திடாதீங்க என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நீ ஊரை விட்டுப் போனதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. நான் சரிம்மா என்றேன்.

மகளே, நான் சொன்னது ழ. வழி தெரியவில்லை என்று சொன்னேன்.

நீ போனை வைத்ததும் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. அம்மா மஞ்சள் கையோடு வந்து எதிரில் நின்றாள். நீ கேட்டதைத்தான் அவளும் கேட்டிருக்கிறாள், ஆனால் அவள் உன்னைப்போலக் கேட்கவில்லை. எந்த வலி என்றாள். கல்யாணம் ஆன நாளா ஒங்க நாக்கோட நான் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா, எந்த வலின்னு சொல்லுங்க என்றாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அதே ல தானே வரும். மேசையில் தண்ணீர் கொஞ்சம் சிந்தியிருந்தது. அதில் விரலால் ழ என்று எழுதினேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை, டப்பாவை என் மடியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில், ஹைக்கல் அண்ணன் சீட்டு புடிச்சி வச்சா நீங்க போயி ஒக்காந்துடணுமா, பஸ்ஸுல எனக்கு ஒரு சீட்டு புடிச்சிக் குடுத்தது உண்டா நீங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இடுப்பு வலிக்கும், வலித்தது, அதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அம்மா ரொஸ்னாவுக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள். இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கொடுக்கும் கவுண்டரில் உன் டப்பாவைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தோம், மனசு சம்பந்தப்பட்ட டாக்டரம்மாவையும் பார்த்தோம், அவர் என் பேச்சைக் கேட்கிறார், நான் பேசுவது அவருக்குப் பாதிதான் புரிகிறது, அதுவும் அரை மாத்திரைக் கணக்குத்தான். குளத்துக்குத் திரும்பவும் போகிறேன். ஹைக்கலின் நாற்காலியை ரொஸ்னா எடுத்து வைக்கவில்லை, அங்கேயே இருக்கிறது, இப்போது அம்மா அதில் உட்கார்ந்து லெப்ட் ரைட் சொல்கிறாள், இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி எருமை ரெஜிமென்ட் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது. நல்லாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். நேற்று நன்றாக இல்லை. இன்று பூசையில் பாதி நேரம் நின்றேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. தனேஷிடம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு. பின்னால் நானே கூப்பிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு டப்பா அனுப்பும்மா என்று கெஞ்சினாலும் அனுப்பாதே, கெஞ்சுவேன், என்னை எனக்குத் தெரியும். வேலையை விட்டு ஓடி வராதே, வரத் தோன்றினால் லீவு எடுத்து வெறுங்கையோடு வா. அந்த டப்பாவை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளாதே, நீ அனுப்பியது பாசம், அது என் கிட்னிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, இதுதான் முக்கியம். இனி நான் போனில் அந்தச் சொல்லைச் சொன்னால் உடனே சந்தோஷப்படாதே, உடனே பயப்படவும் செய்யாதே, அம்மா கேட்டதுபோலக் கேள். லட்டுக்கு வருகிற ல-வா, வாழைப்பழத்துக்கு வருகிற ழ-வா என்று கேள். லட்டு என்றால் அது தினமும் வருவது, அலை மாதிரி ஏறி இறங்கும், அது இறங்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டிரு, உன் தாத்தாக்கள் யார் யாரைக் கடித்தார்கள் என்று சொல், போதும். வாலைப்பலம் என்றேன் என்றால் போனை வைக்காதே, என்னைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொண்டு ஜோனத்தன் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடு. இரண்டும் சொல்லாமல் சிரித்து மழுப்பினேன் என்றால், மழுப்புவதிலும் ழ இருக்கிறது, அதையும் வாழைப்பழம் என்றே எடுத்துக்கொள்.

புக்கிட் மெர்தாஜாம் கோயில் புனித அன்னம்மாள் உன்னையும் மாப்பிள்ளையையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் இரண்டு இடுப்பும் நீண்ட நாள் நேராக நிற்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ஆனால் நான் கூப்பிடும்போது திறந்து வை. தனேஷ் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மலையிலிருந்து அல்ல, மழையில் விழுந்த
உன் அப்பா,
பெஞ்சமின்